நான்கு பெட்டரி, ஒரு மீட்டர்: மின்சுற்று பழகத் தொடங்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

தரம் 10, 11 விஞ்ஞானத்தில் ஓமின் விதியை (வோல்ற்று = மின்னோட்டம் × தடை) பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளைகள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே விதியை ஒரு தடையியில் தன் கையால் அளந்து பார்த்தவர்கள் குறைவு. தோட்டப் பாடசாலைகள் சிலவற்றில் அம்பியர்மானியும் வோல்ற்றுமானியும் அலுமாரிக்குள் பூட்டியே கிடக்கின்றன. சிலவற்றில் அவையும் இல்லை. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டரும் நான்கு டோர்ச் பெட்டரியும் கொஞ்சம் உதிரிப் பாகங்களும் இருந்தால் வீட்டு மேசையிலேயே தொடங்கலாம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுக்க நினைப்பவர்களுக்கும் இது நல்ல அடித்தளம்.

ஆரம்பத்திலேயே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டரின் முனையை எங்கேயாவது வைப்பதற்கு முன், அது என்ன எண்ணைக் காட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு கொப்பியில் எழுதுங்கள். அப்புறம் அளந்து, பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் படிப்பதற்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. கணக்கில்லாமல் அளப்பவருக்கு மீட்டர் எதைக் காட்டினாலும் சரியாகத்தான் தெரியும், அதனால் பிழை எங்கே என்றே புரியாது.

சுவர்ப் பிளக் பக்கம் போக வேண்டாம்

இங்கே சொல்கிற எல்லாமே 6 வோல்ற்றுக்குள் அடங்கும். வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று. மீட்டரில் 750 வோல்ற்று வரை எழுதியிருக்கிறதே என்று பிளக் துளைக்குள் முனையை விடாதீர்கள். மலிவு மீட்டர்களின் வயரும் காப்பும் அதை நம்பி ஒப்படைக்கிற தரத்தில் இருப்பதில்லை. லயத்து வீடுகளில் வயரிங் பழையது, மழைக்காலத்தில் சுவரே ஈரம், ஒரே பிளக்கில் மூன்று நான்கு இணைப்பு தொங்கும். ஈரக் கையின் தடை காய்ந்த கையைவிட மிகக் குறைவு. வீட்டு ட்ரிப் சுவிட்சை ஏறத்தாழ 30 மில்லி அம்பியரிலேயே விழும்படி செய்து வைத்திருப்பது, அதற்கு மேல் உடம்பில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான். கீழே நாம் எரிக்கப் போகிற சின்ன எல்இடிக்கே 8, 9 மில்லி அம்பியர் தேவை. எவ்வளவு சின்ன அளவு ஆளைக் கொல்லும் என்பதை அதிலிருந்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாகன பெட்டரி, கழற்றிய போன் பெட்டரி இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். வோல்ற்று குறைவுதான், ஆனால் இரு முனையும் முட்டிக்கொண்டால் வயர் பழுத்துப் போகிற அளவுக்கு மின்னோட்டம் கொடுக்கும். உலர் மின்கலம் போதும்.

தேவையான சாமான்

மின்கலம் நான்கு, அவற்றை வைக்கும் பெட்டி, ஒரு சின்ன ஆளி, சிவப்பு எல்இடி இரண்டு. தடையிகளில் 10 ஓம், 470 ஓம், 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் ஒவ்வொன்றும், 1 மெகா ஓம் இரண்டும். முதலைக் கிளிப் வைத்த வயர் நாலைந்து. இவற்றை ஹட்டன், பண்டாரவளை, பதுளை மாதிரி நகரங்களில் ரேடியோ, டிவி திருத்துகிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். கண்டிக்குப் போகிறவர்கள் இருந்தால் சொல்லி விடலாம். கொழும்பில் என்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு.

பிரெட்போர்ட் (வயரையும் பாகங்களையும் துளைகளில் செருகியே சுற்றுக் கட்டும் பலகை) இருந்தால் வசதி. இல்லாவிட்டால் திருகாணி வைத்த பிளாஸ்டிக் கனெக்டர் ஒரு வரிசை வாங்கி மரத்துண்டில் அறைந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முதல் சில சுற்றுகளுக்குக் கனெக்டர்தான் நல்லது, எந்த வயர் எங்கே போகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். பிரெட்போர்டுக்குத் தனியாக வயர் வாங்க வேண்டாம். இணையக் கேபிளில் ஒரு துண்டு கிடைத்தால் உள்ளே எட்டு மெல்லிய வயர் இருக்கும். ஒற்றைக் கம்பி வகைக் கேபிள் என்றால் பிரெட்போர்ட் துளைக்கு அளவாகப் பொருந்தும்.

மீட்டரோடு பழகுதல்

கடைகளில் அதிகம் கிடைப்பது டிடி-830 வகை. நடுவில் ஒரு திருகு, கீழே மூன்று துளை. கறுப்பு வயர் எப்போதும் பொதுத் துளையில். சிவப்பு வயர், வோல்ற்று, ஓம், மில்லி அம்பியர் மூன்றுக்கும் பொதுவாக உள்ள துளையில். மூன்றாவது துளை 10 அம்பியருக்கு. பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு உருகி கிடையாது, ஆகவே சொல்கிற இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

திருகைச் சுற்றி வீச்சுகள் இருக்கும். நேரோட்டத்துக்கு ஒரு நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும், ஆடலோட்டத்துக்கு அலைக்கோடு. பெட்டரி வேலை முழுவதும் நேரோட்டப் பக்கம்தான். நேரோட்ட வோல்ற்றில் 20 என்ற இடத்தில் வைத்தால் 19.99 வரை காட்டும், நமக்கு அது போதும். திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றால், அளவு அந்த வீச்சைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பெரிய வீச்சுக்கு மாற்றுங்கள்.

முதல் அளவீடு மீட்டரையே அளப்பது. 200 ஓம் வீச்சில் வைத்து இரண்டு முனையையும் ஒன்றோடொன்று அழுத்துங்கள். சுழி வர வேண்டும் என்று நினைப்பீர்கள். 0.3, 0.5 என்று ஏதாவது வரும். அது வயர்களின் சொந்தத் தடை. சின்னத் தடைகளை அளக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 470 ஓம் தடையி. மஞ்சள், ஊதா, கபிலம், கடைசியில் பொன்னிறக் கோடு. மஞ்சள் 4, ஊதா 7, கபிலம் ஒரு சுழி. பொன்னிறம் என்றால் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 447க்கும் 493க்கும் நடுவே எது வந்தாலும் தடையி சரிதான். 2000 ஓம் வீச்சில் அளந்து பாருங்கள். பிறகு 1 மெகா ஓம் தடையியை 2000 கிலோ ஓம் வீச்சில் இரண்டு விதமாக அளவுங்கள்: மேசைமேல் வைத்து ஒருமுறை, இரு முனைகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்து ஒருமுறை. இரண்டாவது முறை எண் குறையும், கை ஈரமென்றால் இன்னும் குறையும். உங்கள் உடம்பும் அந்தத் தடையிக்குச் சமாந்தரமாகச் சேர்ந்துவிட்டது.

ஒன்றை மறக்கக்கூடாது. தடையை அளக்கும்போது அந்தப் பாகம் பெட்டரியோடு இணைந்திருக்கக்கூடாது. மீட்டர் தன் சொந்த பெட்டரியால் மின்னோட்டம் அனுப்பித்தான் தடையைக் கணக்கிடுகிறது. வெளியிலிருந்தும் மின்னோட்டம் வந்தால் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

பெட்டரி நல்லதா, கெட்டதா?

"சேர், மீட்டர்ல 1.4 காட்டுது, டோர்ச்சில போட்டா எரியல" என்று கேட்காத பிள்ளை இல்லை. கேள்வி மிகச் சரியானது. இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்பது வீண்போகாது.

வோல்ற்று அளக்கும்போது மீட்டர் பெட்டரியிடமிருந்து எடுப்பது மிக மிகக் குறைந்த மின்னோட்டம். இந்த வகை மீட்டரின் உள்தடை ஏறத்தாழ 1 மெகா ஓம், ஆகவே 1.5 வோல்ற்றில் ஒன்றரை மைக்ரோ அம்பியர்தான். அவ்வளவு சின்ன வேலையைச் செத்துக்கொண்டிருக்கிற பெட்டரியும் செய்யும். டோர்ச் குமிழ் கேட்பதோ 300 மில்லி அம்பியர் அளவில்.

இப்படிச் செய்யுங்கள். மின்கலத்தின் வோல்ற்றை வெறுமனே அளந்து எழுதுங்கள். பிறகு 10 ஓம் தடையியை அதன் இரு முனைக்கும் குறுக்கே பிடித்து, பிடித்தபடியே மறுபடி அளவுங்கள். நாலைந்து விநாடி போதும், அதிகநேரம் வைத்தால் தடையி சூடாகும். புதிய மின்கலம் 1.5இலிருந்து கொஞ்சம்தான் இறங்கும். களைத்த மின்கலம் 1.38 காட்டிவிட்டு, தடையி வைத்ததும் 0.9க்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 10 ஓமில் பாய்வது 0.09 அம்பியர். காணாமல் போன 0.48 வோல்ற்று மின்கலத்துக்குள்ளேயே செலவாகிறது. 0.48ஐ 0.09ஆல் வகுத்தால் 5.3 ஓம். அதுதான் அந்த மின்கலத்தின் அகத்தடை. பாடப்புத்தகத்தில் ஒரு குறியீடாக வருகிற அகத்தடையை இப்போது நீங்களே அளந்துவிட்டீர்கள்.

நுவரெலியா, கந்தப்பளை மாதிரிக் குளிர்ந்த இடங்களில் காலை நேரத்தில் இந்த அகத்தடை இன்னும் கூடும், ஏனென்றால் குளிரில் மின்கலத்துக்குள் நடக்கும் இரசாயனத் தாக்கம் மந்தமாகும். அதே மின்கலத்தை விடியற்காலையிலும் மத்தியானத்திலும் அளந்து ஒப்பிடுங்கள். விஞ்ஞானச் செயற்றிட்டம் ஒன்றுக்கே அது போதும்.

முதல் சுற்று

பெட்டரிப் பெட்டியின் நேர்முனை, ஆளி, 470 ஓம் தடையி, எல்இடி, பெட்டரியின் மறைமுனை. இந்த ஒழுங்கில் ஒரு வளையம். எல்இடியின் நீண்ட கால் நேர்ப்பக்கம். கால் வெட்டப்பட்டிருந்தால் அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் மறை. தடையி இல்லாமல் எல்இடியை நேரே 6 வோல்ற்றில் போடாதீர்கள், நொடியில் கருகும்.

ஆளியைப் போடுவதற்கு முன் கொப்பியை எடுங்கள். நான்கு மின்கலம், 6 வோல்ற்று. சிவப்பு எல்இடி தனக்கென்று ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். மீதி 4 வோல்ற்று தடையியின் குறுக்கே. 4ஐ 470ஆல் வகுத்தால் 0.0085 அம்பியர், அதாவது 8.5 மில்லி அம்பியர்.

இப்போது ஆளியைப் போட்டு மூன்று இடத்தில் வோல்ற்றை அளவுங்கள்: பெட்டரியின் குறுக்கே, தடையியின் குறுக்கே, எல்இடியின் குறுக்கே. வோல்ற்று அளக்கச் சுற்றை எங்கேயும் பிரிக்கத் தேவையில்லை, பாகத்தின் இரு பக்கமும் முனையை வைத்தால் போதும். புது பெட்டரி என்றால் 6.3, 4.4, 1.9 என்பது போல வரும். பின் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், முதலாவது வர வேண்டும். வராவிட்டால் மீதி வோல்ற்று ஆளியிலோ ஏதாவது தளர்ந்த இணைப்பிலோ ஒளிந்திருக்கிறது. அங்கேயும் அளந்து தேடுங்கள்.

மின்னோட்டம் அளப்பது வேறு கதை. அதற்குச் சுற்றைப் பிரித்து, பிரித்த இடத்தில் மீட்டரையே ஒரு துண்டு வயர்போலச் செருக வேண்டும். ஆளியை நிறுத்துங்கள். தடையியிலிருந்து எல்இடிக்குப் போகிற வயரைக் கழற்றுங்கள். மீட்டரை நேரோட்ட 20 மில்லி அம்பியரில் வையுங்கள். தடையிப் பக்கம் சிவப்பு முனை, எல்இடிப் பக்கம் கறுப்பு முனை. ஆளியைப் போட்டால் 9ஐ ஒட்டி ஏதாவது வரும். எழுதிக்கொண்டு, சுற்றைப் பழையபடி சேர்த்துவிட்டு, அந்த நிமிடமே மீட்டரை வோல்ற்றுக்குத் திருப்பி வையுங்கள்.

இந்தக் கடைசி வார்த்தை முக்கியம். அதிகமான மீட்டர்கள் பழுதாவது இங்கேதான். மில்லி அம்பியரில் வைத்த மீட்டரைத் தெரியாமல் பெட்டரியின் இரு முனைக்கும் வைத்தால், பெட்டரியைக் குறுக்குச்சுற்றாக்கியது மாதிரிதான். உருகி எரியும். அதன்பின் மின்னோட்டம் அளக்கப் போனால் எல்இடி எரியாது, திரையில் 0 நிற்கும். அப்படி நடந்தால் பின்மூடியைத் திறந்து அதே அளவு உருகி வாங்கிப் போடுங்கள். வெள்ளித்தாள் சுற்றுவது, வயரால் பாலம் போடுவது வேண்டவே வேண்டாம், அடுத்த தடவை எரிவது மீட்டராக இருக்கும்.

உண்மையில் மின்னோட்டத்துக்கு நான் அதிகம் விரும்புவது வேறு வழி. தடையியின் குறுக்கே வோல்ற்றை அளந்து, அளந்து வைத்திருக்கிற அதன் தடையால் வகுத்துவிடுங்கள். 4.4ஐ 470ஆல் வகுத்தால் 9.4 மில்லி அம்பியர். சுற்றைப் பிரிக்கவும் வேண்டாம், உருகியும் தப்பும், ஓமின் விதியும் கைக்கு வரும். இரண்டு வழியிலும் செய்து ஒப்பிடுங்கள். நேரடியாக அளந்தது கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் மீட்டருக்குள்ளும் சில ஓம் தடை இருக்கிறது.

தொடரும் சமாந்தரமும்

எல்இடியை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் இரண்டையும் தொடராக 6 வோல்ற்றில் இணையுங்கள். மொத்தம் 3.2 கிலோ ஓம், மின்னோட்டம் 1.88 மில்லி அம்பியர். 1 கிலோ ஓமின் குறுக்கே 1.88 வோல்ற்று, மற்றதன் குறுக்கே 4.12 வோல்ற்று வர வேண்டும். மின்னோட்டத்தை இரண்டு தடையிக்கும் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்திலும் அளவுங்கள். ஒரே எண்தான். "முதல் தடையி கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மீதியை விடும்" என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது, இந்த மூன்று அளவீட்டோடு அது போய்விடும்.

தொடர்ச்சுற்றை நம் ஊரிலேயே காட்டலாம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்குகிற கெஹெல்கமு ஓயாவின் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் டேர்பைனைச் சுற்றிவிட்டு நோர்ட்டன் குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து பழைய லக்சபான மின்நிலையம், அதன்பின் லக்சபான குளம், அடுத்து பொல்பிட்டிய. தண்ணீர் எந்த நிலையத்திலும் செலவாகிவிடுவதில்லை. நிலையங்கள் பங்குபோட்டுக்கொள்வது மலையின் உயரத்தை. தண்ணீர் இருக்கும் இடத்தில் மின்னோட்டத்தையும் உயரம் இருக்கும் இடத்தில் வோல்ற்றையும் வைத்துப் பாருங்கள். மேற்சொன்ன 1.88, 4.12 பங்கு அப்படியே விளங்கும்.

அதே இரண்டையும் சமாந்தரமாகப் போட்டால் இரண்டின் குறுக்கேயும் 6 வோல்ற்று. ஒன்றில் 6 மில்லி அம்பியர், மற்றதில் 2.7, மொத்தம் 8.7. அளந்து சரிபார்த்துவிட்டு நகருங்கள்.

மீட்டர் பொய் சொல்கிற இடம்

இரண்டு 1 மெகா ஓம் தடையிகளைத் தொடராக 6 வோல்ற்றில் போடுங்கள். சமமான தடைகள், ஆகவே ஒவ்வொன்றிலும் 3 வோல்ற்று என்று எழுதுவீர்கள். கணக்கு சரி. அளந்தால் 2 வோல்ற்றுக்குப் பக்கத்தில்தான் வரும். மற்றதை அளந்தாலும் 2. கூட்டினால் 4, பெட்டரியோ 6!

மீட்டரின் உள்தடையும் 1 மெகா ஓம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதை ஒரு தடையியின் குறுக்கே வைத்ததும் அந்த இடத்துத் தடை அரை மெகா ஓமாகிவிடுகிறது. இப்போது சுற்று அரையும் ஒன்றுமாகப் பங்கிடுகிறது, 6இல் மூன்றில் ஒரு பங்கு 2. மீட்டர் காட்டியது உண்மைதான், ஆனால் அது மீட்டர் சேர்ந்த சுற்றின் உண்மை. 470 ஓமில் இந்தப் பாதிப்பு கண்ணுக்கே தெரியாது. தடை பெரிதாகப் பெரிதாகக் கவனம் வேண்டும். விலை கூடிய மீட்டர்களில் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். அப்படி ஒன்று கிடைத்தால் அதே சுற்றை அளந்து பாருங்கள், 2.86 வர வேண்டும். ஏன் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பாடசாலையில் பழைய டோர்ச் குமிழ் இருந்தால் இன்னொரு சோதனை. 2.5 வோல்ற்று, 0.3 அம்பியர் என்று எழுதியிருந்தால் தடை 8 ஓமுக்குச் சற்று மேலே என்று கணக்கு வரும். மீட்டரால் அளந்தால் 1 ஓம் அளவில்தான் காட்டும். குமிழும் பிழையில்லை, மீட்டரும் பிழையில்லை. இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு, வெள்ளையாகச் சூடேறினால் பல மடங்கு கூடும். எரியும் குமிழின் மின்னோட்டத்தை அளக்கும்போது மட்டும் 10 அம்பியர் துளைக்கு மாறுங்கள், 300 மில்லி அம்பியரை மற்றத் துளை தாங்காது.

எரியாத சுற்றில் பிழை தேடுதல்

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கட்டாதீர்கள், அதில் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. ஆளியைப் போட்டு வைத்து, கறுப்பு முனையைப் பெட்டரியின் மறைமுனையில் கிளிப் போட்டு விடுங்கள். சிவப்பு முனையை நேர்முனையிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். நம் எல்இடிச் சுற்றில் பெட்டரியில் 6, ஆளி தாண்டி 6, தடையி தாண்டி 2, எல்இடி தாண்டி 0 வர வேண்டும். ஆளி தாண்டியதும் 0 என்றால் குறை ஆளியில். தடையி தாண்டியும் 6 நின்றால் மின்னோட்டமே ஓடவில்லை, எல்இடி திரும்பியிருக்கிறது அல்லது அதற்கு அப்பால் எங்கேயோ அறுந்திருக்கிறது. நீளமான பிரெட்போர்ட்களில் ஓரத்துக் கோடுகள் சில நடுவில் துண்டாகியிருக்கும், அதையும் பாருங்கள்.

மேயிலிருந்து செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்ட்டன், மஸ்கெலியா பக்கம் குறையில் பாதி ஈரத்தால் வரும். பெட்டரிப் பெட்டியின் சுருளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மீட்டரில் பார்க்க வோல்ற்று இருக்கும், சுற்றில் போட்டால் விழும். அகத்தடைக்குச் செய்த அதே சோதனைதான், இந்த முறை குற்றவாளி துரு. மணல்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் சரியாகிவிடும். வேலை முடிந்ததும் மின்கலங்களைக் கழற்றி, மீட்டரை நிறுத்தி, எல்லாவற்றையும் மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போடலாம்.

இவ்வளவும் கைக்கு வந்தால் அடுத்ததாக ஒளியுணர் தடையி ஒன்று வாங்குங்கள். வெளிச்சம் கூடினால் அதன் தடை குறையும். யன்னலோரத்தில் ஒருமுறை, கையால் மூடி ஒருமுறை அதன் தடையை அளந்து எழுதுங்கள். பிறகு தொடர்ச்சுற்றில் 2.2 கிலோ ஓம் இருந்த இடத்தில் அதை வைத்து, மூடினால் எத்தனை வோல்ற்று, திறந்தால் எத்தனை வோல்ற்று வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு அளவுங்கள்.